பன்முகத்தன்மைக் கட்டுரை: குடும்பக் கதையா, கடை வேலையா?

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் இரண்டாம் கட்ட விண்ணப்பத்தில் பிள்ளைகள் திணறும் இடம், தங்கள் பின்னணியும் அனுபவமும் எப்படி வேறுபட்டவை என்று கேட்கும் பன்முகத்தன்மைக் கட்டுரை. குடியேறிய குடும்பத்தைப் பற்றி எழுதுவதா, மளிகைக் கடைக் கல்லாவில் நின்றதையா?

புதுமை:
குடும்பக் கதையைப் பலரும் எழுதுகிறார்கள்.
கல்லா அனுபவத்தைச் சிலரே எழுதுகிறார்கள்.

ஆழம்:
பண்டிகை, பலகாரம், பெற்றோரின் தியாகம் என்று நின்றுவிட்டால் குடும்பக் கதை எடுபடாது. மாத்திரை சாப்பிடும் முறையை டாக்டர் விளக்க, பாட்டி தலையாட்டுகிறார். புரிந்தா, மரியாதைக்கா? பக்கத்தில் மொழிபெயர்த்த பேத்தி அதைக் கவனித்துத் திரும்பக் கேட்டிருந்தால், தாராளமாக எழுதலாம்.
கல்லாவில், உணவு உதவி அட்டையில் பணம் போதாமல் பால் டப்பாவைத் திருப்பி வைத்தவரைப் பார்த்திருந்தால், அதுவும் அதே கனம்.

திரும்பச் சொல்லும் அபாயம்:
வேலை, பல கல்லூரிகளுக்கும் சேர்த்து முதலில் அனுப்பும் பொது விண்ணப்பமான ஆம்காஸின் (AMCAS) 15 அனுபவப் பதிவுகளில் ஏற்கெனவே இடம்பெற்றிருக்கலாம்.
குடும்பத்துக்கு அந்தச் சிக்கல் குறைவு.

மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்கு எதிரான 2023 அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பயந்து குடும்பத்தைக் கைவிட வேண்டாம். இனம் தன் வாழ்வைப் பாதித்த விதத்தை மாணவர் எழுத அது தடை போடவில்லை.

நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவே நின்றவருக்குக் குடும்பக் கதை. சொந்தச் சம்பாத்தியத்தில் படித்தவருக்குக் கடை. இரண்டும் இருந்தால் நான் கடையையே சொல்வேன்.