ஃப்ளஷ் ஒழுங்காகப் போகவில்லையா: ஆசிட்டா, புது டேங்கா, புது க்ளோசெட்டா?

ஃப்ளஷை அழுத்தினால் தண்ணீர் சோம்பலாக ஒரு சுற்று சுற்றிவிட்டு, போக வேண்டியதைப் பாதியிலேயே விட்டுவிட்டு அடங்கிவிடும். இந்த நிலைக்கு வந்த வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் கிடைக்கும். மாமியார் ஆசிட் ஊற்றச் சொல்வார், கடைக்காரர் புது டேங்க் எடுத்துக் காட்டுவார், எங்கள் வீட்டுக்கு வந்த பிளம்பரோ வாசலில் நின்றபடியே க்ளோசெட்டை மாற்றிவிடலாம் சார் என்றார். டேங்க் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

எதற்குக் காசு செலவழிப்பது என்பதை அரை வாளித் தண்ணீர் சொல்லிவிடும். க்ளோசெட்டில் ஏற்கெனவே தண்ணீர் ததும்பி நிற்காதபோது, 8 முதல் 10 லிட்டர் வரை எடுத்துக் குழியைப் பார்த்து ஒரே வீச்சில் ஊற்றுங்கள். சர்ரென்று இறங்கினால் பைப்பில் குறை இல்லை, கோளாறு டேங்கில் அல்லது விளிம்புக்கு அடியில் உள்ள துளைகளில். மேலே ஏறி நின்று மெதுவாக வடிந்தால் அடைப்பு கீழே இருக்கிறது, அப்போது டேங்கை மாற்றுவது வீண் செலவு.

வாளித் தண்ணீர் நன்றாக இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். முதலில் டேங்க் மூடியைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் உள்ளே இருக்கும் கோடு வரைக்கும் ஏறுகிறதா, அழுத்தும்போது நடுவிலுள்ள வால்வு முழுசாகத் தூக்குகிறதா, பாதித் தண்ணீரிலேயே மூடிக்கொள்கிறதா, இவ்வளவுதான் பார்க்க வேண்டியது. எங்கள் வீட்டில் கண்டது வேறு. 2019 கோடையில் சென்னையே தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்ததே, அப்போது அப்பா சிக்கனத்துக்காக இரண்டு ஒரு லிட்டர் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி டேங்குக்குள் போட்டு வைத்திருந்தார், அப்புறம் எல்லோரும் மறந்துவிட்டோம். 6 லிட்டர் டேங்கில் 2 லிட்டரைப் பாட்டிலுக்குத் தாரை வார்த்துவிட்டு, சில வருடங்களாக க்ளோசெட்டைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

பாட்டில் கதை எல்லோர் வீட்டிலும் இருக்காது. பெரும்பாலும் மிதவையோ வால்வு ரப்பரோதான் போயிருக்கும். இங்கே ரிப்பேர் கிட், புது டேங்க் என்று இரண்டு வழி. என் ஓட்டு கிட்டுக்கு. சில நூறு ரூபாயில் முடியும், டேங்க் உடைந்திருந்தால் தவிர முழுசாக மாற்றத் தேவையில்லை. ரப்பர் கசிகிறதா என்று பார்க்க டேங்கில் கொஞ்சம் சொட்டு நீலம் விட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாமல் இருங்கள், க்ளோசெட்டில் நீலம் தெரிந்தால் கசிவுதான். புது டேங்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. இப்போது வருபவை பெரும்பாலும் 3/6 லிட்டர் இரட்டைப் பட்டன் வகை, பழைய க்ளோசெட்டோ 10 லிட்டர் தண்ணீரை நம்பி வடிவமைத்ததாக இருக்கலாம். அதன்மேல் இதை மாட்டினால் முன்னைவிட மோசமாகப் போகும். மாடித் தொட்டியில் பிரஷர் இல்லை, அதனால்தான் என்று சிலர் பம்ப் வாங்குவார்கள், அது வேண்டாம்: டேங்க் நிரம்பும் நேரத்தைத்தான் பிரஷர் மாற்றும், நிரம்பிய தண்ணீர் தன் எடையால்தான் விழுகிறது.

டேங்க் சரியாக இருந்தும் தண்ணீர் விளிம்பில் சுற்றி வராமல் ஓரிரு இடத்தில் மட்டும் ஒழுகினால், போர் தண்ணீரின் உப்பு துளைகளை அடைத்திருக்கிறது. சின்னக் கண்ணாடியை விளிம்புக்குக் கீழே பிடித்தால் தெரியும். ஆசிட்டுக்கு வேலை இருப்பது இந்த இடத்தில்தான். வேகமாகக் கரைக்கும், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் புகை மூச்சை அடைக்கும், குழாயின் பளபளப்பையும் டைல்ஸ் இடுக்கு சிமெண்டையும் தின்னும், செப்டிக் டேங்கில் கழிவைச் செரிக்கும் பாக்டீரியாவையும் கொல்லும். ப்ளீச்சிங் பவுடரோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், ஆளையே சாய்த்துவிடும். நான் எலுமிச்சை உப்பைத்தான் (சிட்ரிக் ஆசிட்) எடுப்பேன். வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகக் கரைத்து, துணியை நனைத்து விளிம்புக்கடியில் ராத்திரி முழுக்கத் திணித்து வைத்து, காலையில் துணியை மறக்காமல் எடுத்துவிட்டு (உள்ளே போனால் புது அடைப்பு), பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் இரண்டு மூன்று நாளில் திறந்துகொள்ளும். காஸ்டிக் சோடா இங்கே உதவாது. அது எண்ணெய்ப் பிசுக்குக்கு, அதாவது சமையலறை சிங்க்குக்கு.

வாளித் தண்ணீர் இறங்கவில்லையா? ரப்பர் பிளஞ்சரா (கைப்பிடி வைத்த ரப்பர் கிண்ணம்), குழாய்க்குள் விட்டுத் திருகும் ஸ்பிரிங் கம்பியா என்றால் முதலில் பிளஞ்சர். ரப்பர் தண்ணீருக்குள் முழுகியிருக்க வேண்டும். தள்ளுவதைவிட வெடுக்கென்று இழுப்பதில்தான் அடைப்பு அசையும். துணி, நாப்கின், ஈரத்துடைப்பான் மாட்டியிருந்தால் கம்பிதான் வழி, பீங்கானில் கீறல் விழும், பரவாயில்லை. இதையெல்லாம் ஆசிட் கரைக்காது.

இரண்டுக்கும் மசியவில்லையென்றால் வெளியே கழிவுக் குழாய் வந்து சேரும் சின்னத் தொட்டியை, அதாவது சேம்பரைத் திறந்து பாருங்கள். காய்ந்து கிடந்தால் அடைப்பு க்ளோசெட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில். நிரம்பி நின்றால் அதற்கு அப்பால், பெரும்பாலும் செப்டிக் டேங்க். லாரி கூப்பிட்டுக் குழாய் வழியாக உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள், ஆளை இறக்குகிறேன் என்று யாராவது சொன்னால் திருப்பி அனுப்பிவிடுங்கள், உள்ளே விஷவாயு நிற்கும், பாதுகாப்புக் கவசம் இல்லாமல் ஆளை இறக்குவது, மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றமும்கூட. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் இந்தத் தொல்லை வருகிறதென்றால், மழையில் நிலத்தடி நீர் உயர்ந்து, செப்டிக் டேங்க் தண்ணீரை மண்ணுக்குள் விடும் உறைகிணறு உறிஞ்ச மறுக்கிறது, அதற்கு க்ளோசெட்டைக் குறை சொல்லி என்ன செய்வது.

க்ளோசெட்டையே மாற்றுவது எப்போது? விரிசல் விட்டால், அல்லது உள்வளைவிலேயே உப்பு இறுகிப் பாறையாகி எதற்கும் அசையாவிட்டால். வாங்கப் போகும் முன் கழிவு தரைக்குள் போகிறதா சுவருக்குள் போகிறதா பாருங்கள், முன்னது எஸ் டிராப், பின்னது பி டிராப். எஸ் டிராப் என்றால் டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து துளையின் நடுவரை எத்தனை அங்குலம் என்று டேப் பிடித்து அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.