பைஃபாக்ஸ் ஆப்: காவிரிப் பாலத்தில் வைத்துப் பார்த்தது

திருச்சி காவிரிப் பாலத்து நடைபாதையில் சாயங்காலம் நின்றவர்களுக்குத் தெரியும், பஸ் போனால் காலடியில் லேசாகக் குலுங்கும். அந்தக் குலுக்கலை எண்ணாகப் பார்க்கலாமே என்றுதான் பைஃபாக்ஸை இறக்கினேன். போனுக்குள் இருக்கும் சென்சார்களை வைத்தே அளக்கிற ஆப் இது, ஜெர்மனியில் ஆக்கன் பல்கலைக்கழக இயற்பியல்காரர்கள் செய்தது, இலவசம், விளம்பரத் தொல்லை கிடையாது.

உள்ளே என்னென்னவோ சோதனைகள் இருக்கின்றன, நமக்கு வேண்டியது 'ஆக்சலரேஷன் ஸ்பெக்ட்ரம்' மட்டும். அதிர்வைப் பிரித்து எந்த அதிர்வெண் (நொடிக்கு எத்தனை ஆட்டம் என்பது, ஹெர்ட்ஸில்) தூக்கலாக இருக்கிறது என்று வரைபடமாகக் காட்டும். போனைக் கையில் பிடித்தேன், என் கை நடுக்கம்தான் வந்தது. தரையில் வைத்ததும் சரியானது (கீழே விழுந்துவிட்டதென்று ஒரு பெரியவர் எடுத்துக் கொடுத்தார், அந்தத் தடவை எடுத்தது குப்பை). லாரி மேலே இருக்கும்போது அதன் எடையும் ஸ்பிரிங்கும் சேர்ந்து குழப்பும். அது தாண்டிய பிறகு பாலம் தானாக ஆடி அடங்கும் சில நொடிகள்தான் தங்கம். 0.1 ஹெர்ட்ஸ் வித்தியாசம் பிரிந்து தெரிய வேண்டுமானால் 10 நொடியாவது அளக்க வேண்டும், அதற்குள் அடுத்த பஸ் வந்துவிடுகிறது என்பது வேறு விஷயம்.

டவுன் பஸ்ஸில் மடியில் வைத்தும் பார்த்தேன். பஸ்ஸின் ஸ்பிரிங், ரோட்டுப் பள்ளம், என் மடி, எல்லாம் வந்தது, பாலத்தைத் தவிர. ஒரே பயணத்தில் இது ஆகாது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆட்கள் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் காரில் போனை வைத்து 102 தடவை ஓட்டி, அப்புறம் ஊபர் ஓட்டுநர்களின் 72 பயணங்களையும் எடுத்து, பாலத்திலேயே பொருத்தியிருந்த 240 சென்சார்களோடு ஒப்பிட்டு, நெருங்கி வருகிறது என்று 2022இல் வெளியிட்டார்கள்.

சரி, இதை வைத்துப் பாலம் நல்லா இருக்கா என்று சொல்லிவிடலாமா? முடியாது. பாலத்தின் விறைப்பு குறைந்தால் அதன் அதிர்வெண் இறங்கும், ஆனால் எதிலிருந்து இறங்கியது என்று பார்க்கப் பழைய அளவு வேண்டுமே. 1976இல் திறந்த இந்தப் பாலத்தை 2022-23இல் மாதக்கணக்கில் மூடி பேரிங் (தூண் மேல் தளத்தைத் தாங்குவது), ஜாயின்ட் (தளத் துண்டுகளுக்கு நடுவில் இருப்பது) எல்லாம் மாற்றினார்கள். அதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் போய் அளந்து வைத்திருக்கலாம், ஆப் 2016இலிருந்தே இருக்கிறது, எனக்குத்தான் தோன்றவில்லை.

நாலரை நட்சத்திரம். குறைந்த அரை என் போனின் மலிவு சென்சாருக்கு, பைக், கார் போனால் ஒன்றுமே பதியவில்லை. வெயிலில் கான்கிரீட் சூடானாலும் அதிர்வெண் கொஞ்சம் நகரும் என்பதால் சித்திரையில் மத்தியானம் ஒரு தடவை போகணும், குடையோடு.