கிராண்ட்ஆர்க்: பெரம்பூர் மாடி வீட்டில் புதிய ஆர்கன் இசை

ஐரோப்பாவில் ஏதோ ஒரு கிறிஸ்தவக் கோயிலில் இருக்கும், காற்றால் குழாய்களை ஒலிக்கவைக்கும் ஆர்கனைக் குழாய் குழாயாக ஒலிப்பதிவு செய்து தொகுப்பாகத் தருகிறார்கள். அதைக் கணினியில் ஏற்றி, அதனோடு இணைக்கும் சாதாரண மிடி கீபோர்டில் வாசிக்க உதவும் மென்பொருள்தான் கிராண்ட்ஆர்க். விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும். காசு கிடையாது. கூடவே ஒரு சிறிய டெமோ ஆர்கனும் வருகிறது. பூசைப் பாட்டுக்குப் பழக இது தாராளமாகப் போதும். அதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை.

நான் இறக்கிக்கொண்டது புதிய ஆர்கன் இசைக்காக. ஜெர்மனியின் கொலோன் நகரத்து ராயப்பர் (புனித பேதுரு) கோயிலில் புதிய ஆர்கன் இசைக்கென்றே சர்வதேச விழா நடத்தியிருக்கிறார்கள். பெட்டர் பாரெஸ் என்ற இசையமைப்பாளரின் யோசனைப்படி, தாள வாத்தியங்கள்கூடச் சேர்த்து அமைத்த ஆர்கன் அது. அங்கே வாசித்ததைக் கேட்ட நாளிலிருந்து, அந்த மாதிரி இசையை என் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரே தவிப்பு.

பிரெஞ்சு இசையமைப்பாளர் மெஸ்ஸியானில் தொடங்கினேன். 1931 முதல் 1992இல் இறக்கும்வரை பாரிஸின் திரினிதே கோயிலில் ஆர்கன் வாசித்தவர். 13ஆம் நூற்றாண்டின் இந்திய இசை நூலாசிரியர் சாரங்கதேவர் பட்டியலிட்ட 120 தேசி தாளங்களைப் படித்துத் தன் இசைக்குள் கொண்டுவந்தவர். கிறிஸ்து பிறப்பைப் பற்றி 1935இல் அவர் எழுதிய ஒன்பது துண்டுகளில் மெதுவான ஒன்றை ஆஸ்திரியாவின் ஃபிரீசாக் ஆர்கன் தொகுப்பில் வாசித்தேன். எதிர்வீட்டு மிருதங்க அண்ணன் தொடையில் தாளம் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எந்த ஆவர்த்தனத்துலயும் ஒக்கார மாட்டேங்குதே. ஆனா கணக்கு இருக்குதும்மா." சரியாகப் பிடித்துவிட்டார். தாளத்தில் அரை மாத்திரையைக் கூடுதலாகச் சொருகி நடையை மாற்றுவது மெஸ்ஸியானின் வழக்கம். கையை எடுத்த பிறகு கோயிலுக்குள் ஒலி அடங்கும் விதமும் பதிவில் அப்படியே இருக்கிறது. இந்த இடத்தில் கிராண்ட்ஆர்க்குக்கு முழு மதிப்பெண்.

அடுத்து ஹங்கேரிய இசையமைப்பாளர் லிகெட்டியின் 'வொலூமினா'. சுரமே எழுதாமல் படமாக வரைந்த இசை. முதலில் எல்லாக் கட்டைகளையும் அழுத்திக்கொண்டு, பிறகுதான் காற்று மோட்டாரைப் போட வேண்டும். ஸ்வீடனின் யோத்தேபோரி நகரத்தில் 1962இல் நடந்த ஒத்திகையில் ஆர்கனின் மின்இணைப்பே கருகிப்போனது. என் கணக்கைப் பாருங்கள்: 61 கட்டை, 20 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒரு குழாய் வரிசையைத் திறக்கும் இழுப்புக் குமிழ்) என்றால் ஒரே நேரத்தில் 1,220 குழாய் ஒலிக்க வேண்டும். 8 ஜிபி ராம் உள்ள என் பழைய லேப்டாப் கரகரத்தது. ஸ்டாப்பைக் குறைத்தால் ஓடுகிறது. கீழ்வீட்டு அக்கா மட்டும் மேலே வந்து, "இன்னாம்மா, ஹார்பர்ல கப்பல் கெளம்புதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சின்ன ஸ்பீக்கரில் அந்த அனுபவமும் கிடைக்காது. 16 அடிக் குழாயின் கீழ்ச் சுரம் 33 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சப்வூஃபரோ நல்ல ஹெட்போனோ இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

ஆனால் ஒலிப்பதிவு என்ற முறைக்கே ஓர் எல்லை இருக்கிறது. எனக்கு ரயில் பெட்டி ஏர் பிரேக்கில் வேலை. பிரேக் பைப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் வைப்போம். ஆர்கன் குழாய்க்குப் போகும் காற்றோ பல கருவிகளில் 80 மில்லிமீட்டர் உயர நீரைத் தாங்கும் அழுத்தம்தான், ஏறக்குறைய அறுநூறில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய காற்று என்பதால், கொஞ்சம் குறைந்தாலும் சுரம் தொங்கும், நடுங்கும், இரண்டாகப் பிளக்கும். புதிதாக எழுதுகிறவர்கள் விளையாடுவதே அங்கேதான். ஸ்டாப்பைப் பாதி இழுப்பார்கள். கட்டையை விடாமல் மோட்டாரை நிறுத்துவார்கள். கிராண்ட்ஆர்க்கில் ஸ்டாப் ஒன்று திறந்திருக்கும், இல்லாவிட்டால் மூடியிருக்கும். பாதி என்பது பதிவிலேயே இல்லை. பிரேக் பைப்பில் காற்று இறங்குவதை நித்தம் கேட்கிற எனக்கு இது பெரிய குறைதான்.

ஆகவே மெஸ்ஸியான் வரைக்கும் தயங்காமல் இறக்குங்கள். ராம் மட்டும் 16 ஜிபி இருக்கட்டும். அதற்குப் பிறகு வந்த இசைக்கு நிஜமான குழாயும் நிஜமான காற்றும் வேண்டும். எழும்பூர் கிர்க் போலக் குழாய் ஆர்கன் உள்ள நம் ஊர்க் கோயில்கள், வாரத்தில் ஒரு மதியம் வெளியாட்களை வாசிக்க விட்டால் போதும். அப்படி எங்கேயாவது விடுகிறார்கள் என்றால் சொல்லுங்கள், ஷிப்ட் மாற்றிக்கொண்டு வருகிறேன்.