அஸட்டீக்கா, கேப் ஹென்லோப்பனா: இரண்டு அட்லாண்டிக் கரைப் பூங்காக்கள்

அமெரிக்காவின் வாஷிங்டன், பால்டிமோர் சுற்றுவட்டாரத்தில் வாழ்பவர்கள் கோடையில் கூடாரம் அடித்துத் தங்கக் கடற்கரை தேடும்போது, மேரிலாந்தின் அஸட்டீக் மாநிலப் பூங்காவும் டெலவேரின் கேப் ஹென்லோப்பன் மாநிலப் பூங்காவும் பெரும்பாலும் போட்டிக்கு வந்து நிற்கின்றன. இரண்டுமே அட்லாண்டிக் கரையில் இருக்கின்றன. இரண்டுக்குமே செசபீக் விரிகுடாப் பாலத்தைக் கடந்து, வெள்ளிக்கிழமை மாலை என்றால் அதன் நெரிசலில் பொறுமையைச் சோதித்துக்கொண்டுதான், போகவேண்டும். ஆனால் தங்கும் அனுபவத்தில் இவை ஒன்றுக்கொன்று மாற்றாக அமைவதில்லை. அஸட்டீக்கில் நாம் கடலோடு தங்குகிறோம். ஹென்லோப்பனில் மரநிழலில் தங்கிக் கடலுக்குப் போய்வருகிறோம். எதைத் தேர்வது என்பதை இந்த வேறுபாடுதான் தீர்மானிக்கவேண்டும் என்பது என் கருத்து.

அஸட்டீக் என்பது மேரிலாந்திலும் வர்ஜினியாவிலும் நீளும், ஏறத்தாழ 37 மைல் நீளமான ஒடுங்கிய மணல் தீவு. 1933ஆம் ஆண்டுப் புயலில் கடல் உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தபோதுதான் அதன் வடமுனை ஓஷன் சிட்டி இருக்கும் நிலப்பகுதியிலிருந்து பிரிந்தது. அந்த வாய் மூடிவிடாமல் இருக்கக் கட்டப்பட்ட கற்சுவர்கள் தெற்கே செல்லும் மணலைத் தடுத்துவிட்டதால், தீவின் வடபகுதி மேற்கே நிலத்தை நோக்கி நகர்ந்துவந்திருக்கிறது. 1950களில் இங்கே மனைகள் பிரித்து விற்றார்கள், சாலையும் போட்டார்கள். 1962 மார்ச்சில் வீசிய கடும்புயல் அந்தக் குடியிருப்புக் கனவைக் கலைத்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1965இல், தீவின் பெரும்பகுதி தேசியக் கடற்கரையாக அறிவிக்கப்பட்டது. மாநிலப் பூங்காவுக்கு உரியது ஏறத்தாழ இரண்டு மைல் கடற்கரை மட்டுமே என்றாலும், மேரிலாந்தில் திறந்த கடலை ஒட்டிய மாநிலப் பூங்கா இது ஒன்றுதான்.

இங்கே முகாமிடங்கள் மணல்மேட்டுக்குச் சற்றுப் பின்னால் இருக்கின்றன. இரவெல்லாம் அலையோசை கேட்கும். காலையில் எழுந்து மேட்டைத் தாண்டினால் கடல். இதற்கு ஈடான இடம் ஹென்லோப்பனில் இல்லை. ஆனால் இதற்கான விலையைக் காற்றுக்கும் வெயிலுக்கும் கொடுத்தாகவேண்டும். நிழல்தரும் மரம் அரிது. சாதாரணக் கூடாரத்தோடு வரும் சிறிய முளைகள் மணலில் பிடிப்பதில்லை என்பதால், மணலுக்கென்றே விற்கப்படும் நீளமான முளைகளை முன்கூட்டியே வாங்கிச் செல்வது நல்லது. நடுக்கோடையில் காற்று ஓய்ந்துவிட்டால் சதுப்பு நிலத்துக் கொசுக்களும் கடிக்கும் ஈக்களும் படையெடுத்து வரும். கடற்கரை என்றாலே கொசு இருக்காது என்று நம்பி வருபவர்கள்தாம் இங்கே அதிகம் அவதிப்படுகிறார்கள்.

அஸட்டீக்கின் பெரும் ஈர்ப்பு அங்கே திரியும் குதிரைகள். மாநில எல்லையில் உள்ள வேலி அவற்றை இரண்டு கூட்டங்களாகப் பிரிக்கிறது. வர்ஜினியாப் பக்கக் கூட்டம் ஷின்கோட்டீக் என்ற ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குச் சொந்தமானது, மேரிலாந்துப் பக்கக் கூட்டத்தைத் தேசியப் பூங்காத் துறை கவனித்துக்கொள்கிறது. ஸ்பானியக் கப்பல் உடைந்து கரையேறியவை என்ற கதை பிரபலம். பதினேழாம் நூற்றாண்டில் கால்நடை வரிக்கும் வேலிச் சட்டத்துக்கும் தப்ப உரிமையாளர்கள் தீவில் விட்ட குதிரைகளின் வழிவந்தவை என்ற விளக்கமும் உண்டு. எப்படியானாலும் இவை முகாமுக்குள் சர்வசாதாரணமாக நுழைந்து, மேசையில் வைத்த ரொட்டியையும் பழத்தையும் தின்றுவிட்டுப் போகும். குறைந்தது 40 அடி விலகி நிற்கவேண்டும் என்பது விதி. கடிக்கவும் உதைக்கவும் செய்யும் விலங்குகளிடம் அது மிகையான விதியன்று. உணவை காருக்குள் பூட்டிவைக்காமல் தூங்கப் போகக்கூடாது. கைக்கு எட்டியதைத் தொட்டுப்பார்க்கும் வயதில் குழந்தைகள் இருந்தால், படம்பிடிக்கும் ஆர்வத்தை அடக்கிக்கொண்டு அவர்கள்மீது கண்வைத்திருப்பதே பெற்றோரின் வேலையாகிவிடும்.

இதே தீவில் மாநிலப் பூங்காவை ஒட்டி, தேசியக் கடற்கரையின் முகாமிடங்களும் உள்ளன என்பதால் குழப்பம் எழுவதுண்டு. மாநிலப் பூங்காவில் வெந்நீர்க் குளியலறையும் தண்ணீர் பாயும் கழிவறையும் இருக்கின்றன, சில இடங்களில் மின்னிணைப்பும் உண்டு. தேசியக் கடற்கரையில் வசதிகள் மிகக் குறைவு, குளிக்கத் தண்ணீர்க் குழாய் மட்டும். ஆனால் அங்கே ஆண்டு முழுவதும் தங்கலாம். மாநிலப் பூங்காவின் முகாம் குளிர்காலத்தில் மூடப்படும். குடும்பத்தோடு முதன்முறை வருபவர்கள் மாநிலப் பூங்காவையே எடுப்பது நல்லது. வெந்நீரின் அருமை, உப்பும் மணலும் ஒட்டிய உடம்போடு மாலையில் நிற்கும்போதுதான் புரியும்.

கேப் ஹென்லோப்பன் முற்றிலும் வேறு இயல்புடையது. டெலவேர் விரிகுடா அட்லாண்டிக்கைச் சந்திக்கும் முனையில், லூவிஸ் ஊரை அடுத்து இருக்கிறது. முகாம் பைன் மரங்களுக்கிடையே அமைந்திருப்பதால் நிழல் உண்டு. பல இடங்களில் குடிநீர்க் குழாயும் மின்னிணைப்பும் உள்ளன. கூடாரம் வேண்டாதவர்களுக்குச் சிறு மரவீடுகளும் கிடைக்கும். கடலை அடைய நடக்கவோ மிதிவண்டி ஓட்டவோ வேண்டும், ஆனால் அந்தப் பயணமே ஒரு பொழுதுபோக்கு. பூங்காவுக்குள் மிதிவண்டிப் பாதை சுற்றிவருகிறது; கார்டன்ஸ் பாண்ட் பாதை உப்புச் சதுப்பினூடே ரெஹோபத் கடற்கரை வரை செல்கிறது. திறந்த கடலின் அலை பயமுறுத்தினால் விரிகுடாப் பக்கம் போகலாம். சிறு பிள்ளைகளை அழைத்துவரும் குடும்பத்துக்கு இது பெரிய வரம். அஸட்டீக்கிலும் தீவின் மேற்கே ஆழமற்ற விரிகுடா இருக்கிறது, ஆனால் அது துடுப்புப் படகுக்கும் நண்டு பிடிக்கவும்தான் ஏற்றது.

மழை நாளிலும் ஹென்லோப்பனில் செய்வதற்கு ஏதாவது இருக்கும். இரண்டாம் உலகப்போரின்போது விரிகுடாவின் வாயைக் காக்க எழுப்பிய மைல்ஸ் கோட்டையின் பீரங்கி நிலைகளும், கரையோரம் வரிசையாக நிற்கும் கான்கிரீட் கண்காணிப்புக் கோபுரங்களும் இங்கே உள்ளன. ஒரு கோபுரத்தில் சுழற்படி ஏறி உச்சிக்குப் போகலாம். மிசூரி போர்க்கப்பலின் 16 அங்குல பீரங்கிக் குழாய் ஒன்றையும் இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். மே, ஜூன் மாதங்களில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் விரிகுடாக் கரையில் குதிரைலாட நண்டுகள் முட்டையிட ஏறிவருவதும் காணத்தக்கது. ஆனால் பூங்காவின் முனைப்பகுதி கடற்கரைப் பறவைகள் கூடுகட்டுவதற்காக மார்ச் முதல் பல மாதங்கள் மூடப்பட்டிருக்கும்.

வர்ஜினியா பீச் பக்கம் இருப்பவர்களுக்கு இவ்விரண்டும் தொலைவு. அவர்களுக்கு 1936இல் திறக்கப்பட்ட ஃபர்ஸ்ட் லேண்டிங் மாநிலப் பூங்கா போதும். செசபீக் விரிகுடாவின் அமைதியான நீரும், சைப்ரஸ் மரங்கள் நிற்கும் சதுப்பு வனமும் அங்கே ஒருங்கே கிடைக்கும்.

என்னைக் கேட்டால், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், அதிலும் முதியவர்களோ கைக்குழந்தைகளோ உடன்வந்தால், ஹென்லோப்பனைத்தான் சொல்வேன்; நியூ ஜெர்சித் தென்பகுதியிலிருந்து வருபவர்கள் கேப் மேயிலிருந்து 85 நிமிடப் படகுப் பயணத்தில் காரோடு லூவிஸில் இறங்கிவிடலாம். பள்ளி திறந்து கூட்டம் குறைந்த செப்டம்பரில், நீரில் இன்னும் வெதுவெதுப்பு இருக்கையில், முகாமிட்டுப் பழகியவர்கள் அஸட்டீக்கையே நாடவேண்டும். அது புயல்காலமும் ஆதலால், கிளம்பும் முன் வானிலை அறிவிப்பைப் பார்ப்பது கட்டாயம். கோடை வார இறுதிகள் இரண்டு இடங்களிலும் பல மாதங்கள் முன்னரே நிறைந்துவிடுகின்றன. ஆகவே இடத்தை முடிவுசெய்தவுடன் முன்பதிவையும் செய்துவிடுங்கள், இயன்றால் வார நாட்களைத் தேர்ந்தெடுங்கள்.