லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டி சிவில் வழக்கு ஆவணங்கள்: இணையத்திலா, கவுன்ட்டரிலா?

வழக்கு எண் கையில் இருந்தால் முதலில் நீதிமன்றத்தின் இணையதளத்துக்குப் போங்கள். வழக்கின் நிலை, தாக்கலான மனுக்களின் பட்டியலை இலவசமாகவே பார்க்கலாம். 19எஸ்டிசிவி (19STCV) எனத் தொடங்கும் எண்ணில் 19 தாக்கலான ஆண்டு, எஸ்டி ஸ்டான்லி மாஸ்க் நீதிமன்றம், சிவி சிவில். பெயரை வைத்துத் தேடினால் கட்டணம் உண்டு. எழுத்துக்கூட்டல் ஒன்று மாறினாலும் வழக்கு சிக்காமல் போகலாம்.

சான்றிட்ட நகல், அதாவது அசலுக்கு ஒத்தது என நீதிமன்றமே உறுதி செய்த நகல் வேண்டுமா? வெறும் பதிவிறக்கம் அதற்கு ஈடாகாது. நீதிமன்ற ஆவணங்களை வைத்திருக்கும் கிளார்க் அலுவலகத்தில் நகலுக்குப் பக்கம் 50 சென்ட், சான்றுக்குத் தனியாக 40 டாலர். தேட 10 நிமிடத்துக்கு மேல் ஆனால் இன்னும் 15 டாலர். ஆகவே எண்ணையும், தேவையான ஆவணத்தின் பெயரையும் தேதியையும் இணையத்தில் குறித்துக்கொண்டே போங்கள். "முழுக் கோப்பும்" என்று கேட்டால் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குப் பணம் கட்ட நேரும்.

குடும்ப வழக்கு, தொல்லை தருபவரை விலக்கிவைக்கக் கேட்கும் சிவில் தடையாணை ஆவணங்களைப் பொதுமக்கள் வீட்டிலிருந்து திறக்க முடியாது. நீதிமன்றத்துக்கே போக வேண்டும். வாடகைதாரர் வெளியேற்ற வழக்குகளோ முதல் 60 நாள் பொதுப்பார்வைக்கு வராது. தேடலில் இல்லை என்பதால் வழக்கே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.