‘ஹேட்’ (had) ஒழிந்த கதை: அன்கியோடு இரண்டு வருடம்

கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் எனக்கு வேலை. நாள் முழுக்க இங்கிலீஷ் மெயில்தான். ஒருமுறை வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ‘ஐ ஹேட் சென்ட் த கொட்டேஷன் எஸ்டர்டே’ என்று எழுதினேன். “அனுப்பியிருந்தீர்கள், சரி. அதற்கப்புறம் ஏதாவது மாறிவிட்டதா?” என்று பதில் வந்தது. எனக்குக் கேள்வியே புரியவில்லை. அன்று ராத்திரி போனில் ஏற்றியதுதான் அன்கி, கேள்வி-பதில் கார்டுகளைத் திரும்பத் திரும்பக் காட்டி மனதில் பதியவைக்கும் ஆப்.

கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனுக்குக் காசு. கார்டின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். பதிலைப் பார்த்துவிட்டு அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி என்ற நாலில் ஒன்றைத் தட்டவேண்டும். தடுமாறிய கார்டு சீக்கிரம் திரும்பி வரும், தெரிந்த கார்டு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

முதல் நாலு மாதம் வீண். யாரோ செய்துவைத்த வினைச்சொல் பட்டியலை இறக்கி, கோ-வென்ட்-கான் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தேன். பட்டியல் மனப்பாடம் ஆனது, மெயிலில் ‘ஹேட்’ மட்டும் அப்படியே இருந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போய் வந்தால் 400 கார்டு குவிந்து கிடக்கிறது. ஒரு நாளைக்கு 20 புதுக் கார்டு என்று ஆப்பில் முதலிலேயே இருந்ததை மாற்றாமல் விட்டது என் தப்பு. 5 ஆகக் குறைத்த பிறகுதான் மூச்சு வந்தது.

பிறகு நானே கார்டு எழுத ஆரம்பித்தேன். முன்பக்கம் தமிழ் வாக்கியம். ‘நேற்று மாமா வந்திருந்தார்.’ இங்கேதான் குட்டு வெளிப்பட்டது. நாம் ‘வந்தார்’ என்று சொல்லவேண்டிய இடத்திலும் சர்வசாதாரணமாக ‘வந்திருந்தார்’ என்போம். இங்கிலீஷில் ‘ஹேட்’ வரவேண்டுமானால், கடந்த காலத்தில் இன்னொரு சம்பவம் பக்கத்தில் நிற்கவேண்டும், இது அதற்கும் முந்தி நடந்திருக்கவேண்டும். ‘நான் போவதற்குள் பஸ் கிளம்பியிருந்தது’ என்றால் ‘ஹேட் லெஃப்ட்’ சரி. மாமாவுக்கு வெறும் ‘கேம்’ போதும். தமிழில் சரியாக யோசித்து, அதை அப்படியே தூக்கி வைத்ததுதான் என் பிரச்சினை. ‘போன வருஷம் ஊட்டிக்குப் போயிருக்கிறேன்’ என்பதும் இதே ரகம். ‘லாஸ்ட் இயர்’ என்று காலத்தைச் சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ ஒட்டாது.

தமிழே கைகொடுத்த இடமும் உண்டு. ‘டிட் நாட் வென்ட்’ என்று எழுதிக்கொண்டிருந்தவன் நான். ‘போகவில்லை’ என்பதைப் பாருங்கள், ‘போக’ என்பதில் இறந்தகாலம் எங்கே இருக்கிறது? ‘டிட் நாட் கோ’வும் அதே கதைதான். இதற்குக் கார்டே தேவைப்படவில்லை, ஒரே நாளில் ஒழிந்தது.

ஆடியோ சேர்க்கிற வசதி உச்சரிப்புக்கு உதவியது. ‘வாக்கெட்’ என்று பல வருடம் சொல்லியிருக்கிறேன், அது ‘வாக்ட்’. வினைச்சொல் ‘t’ அல்லது ‘d’ சத்தத்தில் முடிந்தால் மட்டும், ‘வான்டிட்’ போல, ஒரு அசை கூடும்.

குழப்பிய விஷயம் ஒன்று: அமெரிக்க வாடிக்கையாளர் ‘டிட் யூ ஷிப் இட் ஆல்ரெடி’ என்று எழுதுவார். என் கார்டிலோ ‘ஹேவ் யூ ஷிப்டு’. பிரிட்டிஷ் வழக்கத்தில் ‘ஹேவ்’ அதிகம், அமெரிக்காவில் இரண்டும் ஓடும். அந்தக் கார்டில் இப்போது இரண்டு பதிலும் இருக்கின்றன.

பேச்சுக்கு இது போதாது. போனில் அவசரமாகப் பேசும்போது பழைய ‘ஹேட் டோல்டு’ தானாக வந்து விழுகிறது. கார்டு எழுதச் சோம்பல் படுபவர்களுக்கும் இது சரிப்படாது. யாரோ செய்துவைத்த ரெடிமேட் கார்டுக் கட்டை நம்பி இறங்கினால் என் முதல் நாலு மாதம்தான் உங்களுக்கும்.

இப்போது தினம் பஸ்ஸில் 8 நிமிடம். மெயில் அனுப்பும் முன் ‘ஹேட்’ என்று தேடிப் பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. நேற்று ஒரே மெயிலில் மூன்று அகப்பட்டது. ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன்.