முழுநேரமா, பகுதிநேரமா, நீண்ட விடுப்பா? வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொண்டே கல்லூரியில் பாடம் எடுப்பவர்களுக்கு

“உனக்கென்னக்கா, காலேஜ் வேலைதானே, கிளாஸ் முடிந்தால் வீட்டில்தானே இருப்பாய்?” அம்மாவுக்கு மறதிநோய் என்று மருத்துவர் சொன்ன வாரம் தம்பி பேச்சை இப்படித்தான் ஆரம்பித்தான். அவனைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. அவன் ஒன்பது மணிக்கு உள்ளே போனால் ஆறு மணிக்குத்தான் வெளியே வர முடியும். எனக்கு வாரத்துக்குப் பதினாறு மணி நேரம்தான் வகுப்பு என்று அவனுக்குத் தெரியும், மீதி நேரமெல்லாம் என்ன செய்கிறேன் என்பது அவனுக்குத் தெரியாது, சில நாள் எனக்கே சொல்லத் தெரியாது. நம் வேலையில் நேரம் வளைந்து கொடுக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்துபோய்விட்டதால், வீட்டில் யாருக்கு முடியாமல் போனாலும் பொறுப்பு உருண்டு உருண்டு நம் பக்கம்தான் வந்து நிற்கிறது.

அப்படி வந்து நின்றபிறகு மூன்று வழி கண்ணில் படும். வேலையை முழுதாக வைத்துக்கொண்டு சமாளிப்பது, வேலையைப் பாதியாக்கிக்கொள்வது, கொஞ்ச காலம் விட்டுவிட்டுப் பிறகு வருவது. நான் மூன்றிலும் இருந்து பார்த்துவிட்டேன். முதலில் ஒன்றரை வருடம் முழுநேரம், அப்புறம் ஒரு செமஸ்டர் விடுப்பு, பிறகு ஒரு வருடம் பகுதிநேரம், இப்போது மறுபடி முழுநேரம். இந்த வரிசையே தப்பு என்று இன்று தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

எதை வைத்து ஒப்பிடுவது

எல்லோரும் மணிக்கணக்கு போட்டுத்தான் ஒப்பிடுகிறார்கள். மணிக்கணக்கு முக்கியமில்லை என்று சொல்ல மாட்டேன். உலகத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் 64 நாடுகளின் கணக்கை வைத்துச் சொன்னது: சம்பளமில்லாத வீட்டுப் பராமரிப்பு வேலைக்கு ஒரு நாளைக்கு 1,640 கோடி மணி நேரம் போகிறது, 200 கோடிப் பேர் தினமும் எட்டு மணி நேரம் கூலியில்லாமல் உழைப்பதற்குச் சமம், அதில் நாலில் மூன்று பங்குக்கு மேல் பெண்கள் செய்வது. சமையல், துணி துவைப்பது, பிள்ளை பார்ப்பது எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஆனால் நம் சிக்கலுக்கு எத்தனை மணி நேரம் என்பதைவிட, எந்த மணி நேரம் என்பதுதான் கேள்வி. செவ்வாய்க்கிழமை காலை 8.50-க்கு வகுப்பு என்றால் அது 8.50-க்குத்தான். அறுபது பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

கற்பிக்கிற வேலையைப் பிரித்துப் பார்த்தால் வகுப்பு இம்மி நகராது. விடைத்தாள் திருத்துவதும் கேள்வித்தாள் எடுப்பதும் நகரும், ஆனால் கெடு உண்டு. ஆய்வும் எழுத்தும் எவ்வளவு வேண்டுமானாலும் நகரும், ஏனென்றால் கட்டுரை எங்கே என்று யாரும் வாசலில் வந்து நின்று கேட்பதில்லை. வீட்டில் திடீரென்று ஒரு நாள் கெட்டுப்போனால் அது தின்பது எப்போதும் கடைசியாகச் சொன்னதைத்தான். ஒரு வருடம் போனபிறகுதான் தெரியும், வகுப்பு ஒன்றுகூடத் தவறவில்லை, தாள் எல்லாம் திருத்தியாகிவிட்டது, ஆனால் எழுதியது பூஜ்யம்.

அதனால் முதலில் பார்க்கவேண்டியது உங்கள் வீட்டுக் கவனிப்பு எந்த மாதிரி என்பதை. டயாலிசிஸ் என்றால் பெரும்பாலும் வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் போல. களைப்பும் கஷ்டமும் நிறைய, ஆனால் அதற்கும் ஒரு டைம்டேபிள் இருக்கிறது, கல்லூரி டைம்டேபிளோடு அதைப் பொருத்திப் பார்க்கலாம். மறதிநோய், வலிப்பு, மனநலச் சிக்கல் இவற்றுக்கு அப்படி எதுவும் கிடையாது. பக்கவாதம் வந்த முதல் சில வாரங்களும், இனி சிகிச்சை இல்லை என்று சொல்லிவிட்ட கடைசி மாதங்களும் இன்னொரு ரகம். அந்தக் காலம் முழு ஆளையும் கேட்கும், ஆனால் அதற்கு ஒரு முடிவு உண்டு.

முழுநேரம்: எதைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது

சம்பளம் முழுதாக வரும், பணிமூப்பு அறுந்துபோகாது, விடுப்புக் கணக்கு இருக்கும், இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது, கேட்கத் தெரியாதது என்ன என்றால், எதைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது என்பது. நான் முதல் தடவை துறைத்தலைவரிடம் போய் “வகுப்பைக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள் சார்” என்றேன். பதினாறைப் பதினான்காகக் குறைத்தார், ஆனால் அந்தப் பதினான்கும் நாலு வேறு வேறு பாடம், இரண்டு எனக்குப் புதிது. செத்தேன். வகுப்பில் நிற்பது ஒரு மணி நேரம் என்றால் புதுப் பாடத்துக்குத் தயார் செய்வது மூன்று மணி நேரம், அந்த மூன்று மணி நேரமும் அம்மா தூங்கினால்தான் கிடைக்கும், அம்மா தூங்கவில்லை.

கேட்டிருக்கவேண்டியது இது: பாடங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், ஒரே பாடத்தை இரண்டு பிரிவுக்குக் கொடுங்கள், வகுப்புகளை மூன்று நாளுக்குள் நெருக்கிப் போடுங்கள், முதல் மணி வேண்டாம். பதினாறு மணி நேரம் பதினாறாகவே இருக்கட்டும். இதில் நிர்வாகத்துக்கு ஒரு காசு செலவு கிடையாது, சக ஊழியர் யாருக்கும் கூடுதல் பாரமும் கிடையாது, அதனால் மறுப்பதும் கடினம். வகுப்பைக் குறைத்தால் அதை வேறொருவர் எடுக்கவேண்டும், அந்த முணுமுணுப்பு உங்கள் காதுக்கு வராமல் போகாது.

முழுநேரத்தின் பாரம் தெரிவது வகுப்பறையில் இல்லை, விடைத்தாள் கட்டில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அறுபது தாளை மேசையில் வைத்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனேன், ஐந்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்தால் அம்மா கட்டியிருந்த நூலை அவிழ்த்து, ஒவ்வொரு தாளையும் துணி மடிப்பதுபோல நாலாக மடித்து, ஓரத்தை உள்ளங்கையால் நீவி, அழகாக அடுக்கிக்கொண்டிருந்தார். பதினான்கு தாள் ஆகியிருந்தது. “எவ்வளவு துணி போட்டு வைத்திருக்கிறாய், மடிக்க ஆளில்லாமல்” என்றார். மடிப்பை எவ்வளவு நீவியும் போகவில்லை, அந்தப் பதினான்கு மாணவர்களும் தாளை வாங்கி ஒரு மாதிரி பார்த்தார்கள். பிற்பாடு ஒரு கட்டு பழைய தாளை அம்மாவுக்கென்றே தனியாக எடுத்து வைத்தேன்.

வீட்டு நிலையைத் துறையில் சொல்லலாமா கூடாதா என்று கேட்டால், சொல்லிவிடுங்கள் என்பேன், ஆனால் வாய்மொழியாக மட்டும் சொல்லாதீர்கள். துறைத்தலைவர் மாறுவார், வாய்மொழியும் கூடவே போய்விடும்.

பகுதிநேரம்: பாதிச் சம்பளம், முக்கால் வேலை

பார்க்க நியாயமாக இருப்பது இதுதான், பாதி வீட்டுக்கு, பாதி வேலைக்கு. நான் ஏமாந்ததும் இதில்தான். சம்பளம் சரிபாதியாகக் குறையும், வேலை அப்படிக் குறையாது. ஒரு பிரிவுக்குப் பாடம் எடுத்தாலும் தயாரிப்பு முழுசுதான், துறைக் கூட்டத்துக்கு “நீங்களும் வந்துவிடுங்களேன்” என்பார்கள், மாணவர் இரவு பத்து மணிக்கு அனுப்பும் செய்தி நீங்கள் பகுதிநேரமா என்று பார்த்து வருவதில்லை. ஆய்வு மாணவர் இருந்தால் அவர் பாதி மாணவராக ஆகப்போவதும் இல்லை.

பகுதிநேரம் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள் இருப்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். ஒன்று, பதவி உங்களுடையதாகவே இருக்க, குறிப்பிட்ட காலத்துக்கு நேரத்தை மட்டும் குறைத்து, அது முடிந்ததும் முழுநேரத்துக்குத் திரும்புவது. ஜெர்மனியில் குடும்பப் பராமரிப்புக்காக அதிகபட்சம் 24 மாதம் வரை வாரத்துக்குக் குறைந்தது 15 மணி நேரம் என்று வேலையைக் குறைத்துக்கொள்ளச் சட்டமே இருக்கிறது (மிகச் சிறிய நிறுவனங்களுக்கு அது பொருந்தாது). இன்னொன்று, பதவியை விட்டுவிட்டு மணிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் வந்து பாடம் எடுப்பது. இரண்டிலும் வீட்டில் கிடைக்கும் நேரம் ஒன்றுதான். ஆனால் இரண்டாவதில் திரும்பிப் போகும் கதவு மூடிவிடுகிறது, விடுமுறை மாதங்களில் சம்பளம் கிடையாது, அடுத்த செமஸ்டர் உண்டா என்பதே அடுத்த செமஸ்டர் தொடங்கும் வாரம்தான் தெரியும். சில இடங்களில் விடுப்பு உரிமையும் சேர்ந்தே போகும்: அமெரிக்காவின் 1993-ஆம் ஆண்டுக் குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டம் தரும் 12 வார விடுப்பைக் கேட்க, முந்தைய 12 மாதத்தில் 1,250 மணி நேரம் வேலை பார்த்திருக்கவேண்டும். கவனிப்புக்காக நேரத்தைக் குறைத்துக்கொண்டவர், குறைத்துக்கொண்டதாலேயே கவனிப்பு விடுப்பை இழக்கலாம். யார் யோசித்தார்களோ.

மணிக்கணக்கு ஒப்பந்தத்தை, மற்ற எல்லா வழியும் அடைபட்டால் தவிர, நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நீண்ட விடுப்பு: நோய்க்கு முடிவு தேதி இருந்தால்

வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்ள விடுப்பு தரும் பல நாட்டுச் சட்டங்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் வருடத்துக்கு ஒரு வாரம், சம்பளமில்லாமல். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி வருடத்துக்குக் குறைந்தது ஐந்து வேலை நாள். அமெரிக்காவில் 12 வாரம், அதுவும் சம்பளமில்லாமல், அந்தச் சட்டத்தின் குடும்பத்தில் மாமனார் மாமியாருக்கும் உடன்பிறந்தவருக்கும் இடமில்லை. ஜப்பானில் ஒரு குடும்ப உறுப்பினருக்கு மொத்தம் 93 நாள், மூன்று தடவையாகப் பிரித்து எடுக்கலாம். எதுவும் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்வதற்குப் போதாது. ஆள் ஏற்பாடு செய்ய, மருத்துவமனை அலைய, கடைசி நாட்களில் பக்கத்தில் இருக்கத்தான் இவை உதவும். மறதிநோயோ, அறுபத்தைந்து வயதுக்கு மேல் அல்சைமர் என்று கண்டறிந்தபின் சராசரியாக நாலு முதல் எட்டு வருடம், சிலருக்கு இருபது வருடம்வரை போகும். நான் ஒரு செமஸ்டர் விடுப்பை எடுத்தது இரண்டாம் வருடம். விடுப்பு தீர்ந்தது, அம்மாவின் நிலை கொஞ்சம் மோசமாகியிருந்தது, அவ்வளவுதான். அந்த விடுப்பைக் கையில் வைத்திருந்தால் அவசரப்பட்டுப் பகுதிநேரத்துக்குப் போயிருக்க மாட்டேன்.

இந்த விஷயத்தில் ஜப்பான்காரர்கள் செய்தது புத்திசாலித்தனம். ஆரம்பத்தில் ஏற்பாடு செய்ய ஒரு துண்டு, நடுவில் ஏதாவது முறிந்தால் ஒரு துண்டு, கடைசிக்கு ஒரு துண்டு. உங்கள் இடத்தில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும், இருக்கிற விடுப்பை அந்த மாதிரி மனதில் மூன்றாகப் பிரித்து வைத்துக்கொள்ளலாம்.

விடுப்பில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத இன்னொன்று இருக்கிறது. நான் வேலைக்குப் போன காலத்தில் தம்பி மாதத்தில் இரண்டு வாரக்கடைசி வந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டான். விடுப்பு எடுத்த மூன்றாவது வாரமே அது நின்றது. கேட்டால் “நீதான் இருக்கிறாயே.” நீங்கள் முழுதாக வீட்டில் இருந்தால் மற்ற எல்லோரும் கழன்றுகொள்வார்கள், திரும்ப வேலைக்குப் போகும்போது அவர்களை மறுபடி இழுத்துவருவது தனி வேலை.

கடிகாரத்தை நிறுத்திவைக்கும் வசதி சில நாட்டுப் பல்கலைக்கழகங்களில் உண்டு, அதாவது நிரந்தரப் பணி கிடைக்கும்முன் உள்ள சோதனைக் காலத்தில் ஒரு வருடத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. நல்லதுதான், ஆனால் அமெரிக்காவின் முன்னணிப் பொருளியல் துறைகளை வைத்து 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், குழந்தை பிறந்ததற்காக ஆண், பெண் இருவருக்கும் ஒரேபோல இந்தச் சலுகை கொடுத்த இடங்களில் ஆண்கள் நிரந்தரமானது கூடியிருக்கிறது, பெண்கள் நிரந்தரமானது குறைந்திருக்கிறது. ஒருவர் அந்த வருடத்தில் குழந்தையைப் பார்த்தார், இன்னொருவர் கட்டுரை எழுதினார் என்பதைத் தவிர வேறு என்ன விளக்கம் சொல்ல? அதனால் நிறுத்திய வருடத்தில் ஒரு கட்டுரையாவது பாதியில் உயிரோடு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் அந்தச் சலுகையிடம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

இணையவழி வகுப்பைப் பற்றியும் கேட்பார்கள். மறதிநோய் உள்ளவர் இருக்கும் வீட்டில் அது கல்லூரிக்குப் போவதைவிடக் கடினம். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் உங்கள் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும், யாரோடு பேசுகிறாய் என்று அவர் தட்டிக்கொண்டே இருப்பார். டயாலிசிஸ் வீட்டுக்கு ஒருவேளை ஒத்துவரும்.

எந்த வீட்டுக்கு எது

டைம்டேபிள் உள்ள நோய் என்றால் யோசிக்காமல் முழுநேரம், வகுப்பை நோயின் நாட்களுக்கு எதிர் நாட்களில் போட்டுவிட்டு. சில மாதத்தில் முடியும் காலம் என்றால் விடுப்பு, தயங்கவே வேண்டாம், அந்த மாதங்களில் போட்ட வகுப்பு யாருக்கும் நினைவிருக்காது. நீளமான, தேதி சொல்லாத நோய் என்றால் முழுநேரம், பாட எண்ணிக்கையைக் குறைத்து, விடுப்பைத் தொடாமல் வைத்து, சம்பளத்தில் பெரும்பங்கை ஒரு நல்ல ஆளுக்குக் கொடுத்து. “சம்பாதிப்பதெல்லாம் ஆளுக்கே போகிறதே, பேசாமல் நீயே பார்த்துக்கொள்ளலாமே” என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். கணக்கு அந்த மாதத்துக்குச் சரி. ஆனால் அம்மாவுக்குப் பிறகும் எனக்குப் பத்து வருடப் பணி இருக்கிறது. திரும்பிவரும் தேதி எழுத்தில் இருந்தால் மட்டும் பகுதிநேரம், அதுவும் ஆள் கிடைக்காத காலத்துக்கு.

இந்த செமஸ்டர் எனக்கு இரண்டே பாடம், ஒன்று இரண்டு பிரிவுக்கு. திங்கள், செவ்வாய், வியாழன், முதல் மணி இல்லை. பார்த்துக்கொள்ள வருகிற அக்கா எட்டரைக்கு வருகிறார். புதன் காலை இரண்டு மணி நேரம் நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், அதை வகுப்பு மாதிரியே டைம்டேபிளில் போட்டுக் கதவில் ஒட்டிவிட்டேன். தம்பி மறுபடி மாதத்தில் ஒரு வாரக்கடைசி வருகிறான். போன தடவை வந்தபோது அம்மாவின் தாள் கட்டு தீர்ந்துவிட்டது, அவன் போன் செய்து கேட்டான், “அக்கா, மடிக்கிற பேப்பர் எங்கே வைத்திருக்கிறாய்?”